அம்மா பொய் சொல்லவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் முப்பத்துநாலு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்துவிட்டு முதல் வரியிலேயே பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. என் முழங்கால் வழக்கம்போல் முனகுகிறது, அது போகட்டும். அம்மாவுக்கு உடம்பு நலம், மூளை நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமாக இருப்பது போனில் தெரிகிறது. போனில் தெரிவதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் காலத்தில் யாருப்பா லெட்டர் எழுதறாங்க என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ மூன்று யோசனை சொல்லிவிடுகிறாய், பக்கத்தில் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறாள். காகிதத்தை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. அதனால் கடைசி வரை படி. நடுவில் வால்நட் சாப்பிட்டால் நினைவாற்றல் கூடும் என்று யாரோ எழுதிய கட்டுரையை எனக்கு அனுப்பாதே. போன மாதம் நீ அனுப்பிய ஒன்பது கட்டுரைகளையும் படித்தேன். குறுக்கெழுத்துப் போடச் சொல்கிறார்கள், இடது கையால் பல் தேய்க்கச் சொல்கிறார்கள், ஒருவர் பின்பக்கமாக நடக்கச் சொல்கிறார். உன் அம்மா முன்பக்கமாக நடந்தே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாள், பின்பக்கமாக வேறு நடக்க வேண்டுமாம்.

உன் சித்தப்பா போன வாரம் வந்திருந்தான். நன்றாகச் சாப்பிட்டான், இரண்டு தடவை டீ குடித்தான், பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னான். அண்ணி முகத்துல எவ்ளோ களை இருக்கு, இவங்களப் போய் நோயாளின்னு சொல்றீங்களே, வயசானா எல்லாருக்கும் மறதி வரத்தான் செய்யும், நான்கூட நேத்து குடையை பஸ்ல விட்டுட்டு வந்துட்டேன், அதுக்காக ஸ்கேன் எடுத்துக்கிட்டா இருக்கேன் என்றான். குடையை பஸ்ஸில் விடுவது மறதி, குடையைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு, இதை எப்படித் திறப்பது என்று முழிப்பது வேறு, இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே என்றேன். உங்களுக்கு எல்லாத்துலயும் பயம்ணா என்று சிரித்துவிட்டுப் போனான். போகும்போது அவன் குடையை இங்கேயும் விட்டுவிட்டுத்தான் போனான். நான் சொல்லவில்லை, நனைந்துகொண்டே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. நான் அவனைவிடப் பெரிய முட்டாள். அதை எழுதத்தான் இத்தனை சுற்று.

உனக்கே தெரியும், உன் அம்மா கட்டட வரைபட ஆபீஸில் இருபத்தொன்பது வருஷம் படம் வரைந்தவள். நாங்கள் குடியிருக்கிற இந்த நாலு மாடிக் கட்டடத்தின் படமே அவள் கையால் வரைந்ததுதான். எந்தச் சுவர் எத்தனை அங்குலம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அவள் இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்க ஆரம்பித்தாள். பிறகு நாலு தடவை. சூப்பில் உப்பை இரண்டு முறை போட்டாள், அடுத்த நாள் போடவே இல்லை. சாவி என்ற சொல் வராமல் அந்தத் திறக்கிறது, திறக்கிறது என்று கையைத் திருகிக் காட்டினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பரிசோதனை ஆரம்பித்தேன். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டோம் சொல்லு, இன்றைக்கு என்ன கிழமை சொல்லு, காலையில் யார் வந்தது சொல்லு. பதில் வராது, சிரிப்பு வரும். இல்லையென்றால் சாமர்த்தியமாக ஏதாவது சொல்லி மழுப்புவாள். உங்களுக்குத் தெரியாததா என்பாள், எனக்கு இப்ப அதுக்கெல்லாம் நேரமில்ல என்பாள். நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வாள், அதுவும் கொஞ்சம்கூடத் தடுமாறாமல். டிக்கெட் இல்லாதவன் கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டு கதவைத் தட்டினால் வயிற்று வலி என்பானே, அந்த மாதிரி என்று நினைத்தேன். சோம்பேறித்தனம், அலட்சியம், வயதான பிறகு வந்த திமிர் என்றெல்லாம் பெயர் வைத்தேன். வேண்டுமென்றே பொய் சொல்கிறாய் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். எத்தனை ஆயிரம் முகம் பார்த்தவன் நான், மூஞ்சியைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவேன் என்று உன் கல்யாணத்தில்கூடப் பெருமை அடித்துக்கொண்டேன், ஞாபகம் இருக்கிறதா. நாற்பத்துமூன்று வருஷம் ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்த முகத்தை எனக்கு எடை போடத் தெரியவில்லை.

உன்னையும் விடப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் சொல்வாய்: அம்மா நல்லாத்தான்பா பேசறாங்க, நீங்கதான் அவங்கள நச்சரிக்கிறீங்க. போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தில் கோடு போட்டு எண்ணினேன். இருபத்திரண்டு நிமிஷம் பேசினீர்கள். அதில் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது மொத்தம் ஆறே வார்த்தைகள்தான். அப்புறம் என்பது பதினொரு தடவை. சாப்டியா ஆறு தடவை. அப்படியா, நல்லது, உடம்பப் பாத்துக்கோ, இவை மீதி. மற்ற எல்லாவற்றையும் நீ பேசினாய். நீ வைத்த பிறகு யாரு போன்ல என்று என்னிடம் கேட்டாள். மகள் என்றேன். ஓ, ஸ்கூல் விட்டுட்டாங்களா என்றாள். அம்மாவைப் பார்க்கிற மூளை டாக்டர் சொன்னாள், மரியாதைப் பேச்சு கடைசி வரை நிற்குமாம், பல வருஷம் பழகித் தேய்ந்த தடம் அது, அதில் போக நினைவு வேண்டியதில்லை. அந்தத் தேய்ந்த தடத்தைத்தான் நீ நலம் என்று நினைத்துக்கொண்டாய், நான் நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவும் மகளும் நல்ல ஜோடி.

இனிதான் முக்கியமான விஷயம். விசிலம்மாவை நாம் துரத்தினோமே, அது. தரை துடைக்கும்போது விசிலடிக்கிறாள் என்று நீதான் அவளுக்கு அந்தப் பெயர் வைத்தாய். பதினொரு வருஷம் இந்த வீட்டில் சமைத்து, துடைத்து, துவைத்துப் போட்டவள். நீ பிரசவத்துக்கு வந்தபோது முதல் இரண்டு மாதம் உன் குழந்தையைக் குளிப்பாட்டியது யார்? நீ தொடவே பயந்து தள்ளி நின்றாய், நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் அம்மாவின் பச்சைக்கல் மோதிரம் காணோம். ஓய்வு பெற்றபோது ஆபீஸில் கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து போட்ட மோதிரம். அவதான் எடுத்தா, நான் என் கண்ணால பாத்தேன், இங்க மேஜைல இருந்துச்சு, பைக்குள்ள போட்டுக்கிட்டா என்று அம்மா சொன்னாள். தடுமாற்றமே இல்லாமல் சொன்னாள். எனக்கு உள்ளே இருந்த பழைய பரிசோதகன் எழுந்துகொண்டான். விசிலம்மாவை நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன். என்ன மறைக்கிறே என்று கேட்டபோது அவள் முகம் மாறியது, கண் அம்மா பக்கம் போய்த் திரும்பியது, வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பையைக் கொட்டச் சொன்னேன். வீட்டுக்குள் இல்லை, வெளியே படிக்கட்டு முனையில், மேல் மாடியும் கீழ் மாடியும் எட்டிப் பார்க்க. ஒரு சீப்பு, ஒரு மாற்றுத் துணி, பஸ் பாஸ், ஒரு மாத்திரை அட்டை, பாதி சாப்பிட்ட ரொட்டி. மோதிரம் இல்லை. இல்லாவிட்டால் என்ன, எங்கேயோ மறைத்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. குற்றம் கிடைக்கவில்லையென்றால் குற்றவாளி கெட்டிக்காரன், இதுதான் எங்கள் தொழிலின் நியாயம். அப்போதே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது, அம்மா மாதிரி எனக்கு அந்த வசதி இல்லை. இதுல என்னப்பா யோசனை, அனுப்பிடுங்க, இந்த மாதிரி ஆளுங்கள எத்தன வருஷமானாலும் நம்பக்கூடாது என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் கொட்டியதைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பாவுமா அப்படிச் சொல்லுது என்று மட்டும் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, சார், என்னைத் துரத்துங்க, பரவால்ல, ஆனா அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, நல்ல டாக்டராப் பாத்துக் காட்டுங்க என்றாள். நான் அதற்கு என்ன நினைத்தேன் சொல்லட்டுமா. திருடினவள் பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்தேன். படித்தவன், பென்ஷன் வாங்குகிறவன், தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவன். அந்த வீட்டில் அன்றைக்கு விஷயம் புரிந்த ஒரே ஆளைப் படிக்கட்டில் இறக்கி அனுப்பினேன்.

விசிலம்மா போன மூன்று வாரத்தில் சாயம் வெளுத்தது. கேஸ் எரிந்தபடியே இருந்தது, மேலே பாத்திரம் இல்லை. குளியலறை என்று நினைத்து அம்மா துணி அலமாரியைத் திறந்து நின்றாள், தன் கையால் வரைந்த வீட்டில். ஒரே சட்டையை எட்டு நாள் போட்டாள், மாற்றச் சொன்னால் இப்பத்தானே மாத்தினேன் என்று சண்டை போட்டாள். இதெல்லாம் முன்பும் நடந்துகொண்டுதான் இருந்தது, எனக்குத் தெரியாமல் ஒருத்தி அணைத்துக்கொண்டும் மாற்றிக்கொண்டும் இருந்தாள் என்பது அப்போதும் என் புத்திக்கு எட்டவில்லை. கடைசியில் ஒரு நாள் தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்கப் போனவள் மூன்று மணி நேரம் வரவில்லை. அவள் பழைய ஆபீஸ் இருந்த இடத்திலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே செருப்புக் கடை. கடை வாசலில் நின்று காவலாளியிடம், கதவைத் திறங்க, எனக்கு லேட்டாகுது, நாளைக்குப் படம் குடுத்தாகணும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் போனபோது ஒரு பெட்டி மேல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்து, நல்லவேளை வந்தீங்க, இவங்க யாருக்கும் என்னைத் தெரியல என்றாள். அவள் கை சில்லிட்டிருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் அவளிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

மூளை டாக்டர் சின்னப் பெண், உன் வயதுகூட இருக்காது. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், தைராய்டு, வைட்டமின், மனச்சோர்வு, வேறு எதுவும் காரணமாக இருக்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினார்கள். பிறகு டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து ஒரு கடிகாரம் வரையுங்கம்மா, பதினொன்று பத்து காட்டுங்க என்றாள். அம்மா ஒரே இழுப்பில் வட்டம் போட்டாள். காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது, டாக்டரே பாராட்டினாள். பிறகு ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்ணையும் வலப் பக்கமே நெருக்கி நெருக்கி எழுதினாள். இடப் பக்கம் வெறுமையாக இருந்தது. முள் போடச் சொன்னால் பத்துக்கும் பதினொன்றுக்கும் ஒரு கோடு இழுத்துவிட்டு, சரிதானே என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். விளையாடாதே, ஒழுங்காகப் போடு என்று என் வாயில் வந்துவிட்டது. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க என்றாள். எழுபத்தொரு வயதில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேண்டியதுதான்.

அல்சைமர் என்று பெயர் சொன்னாள். நீ படித்த கட்டுரைகளில் அந்தப் பெயர் இருக்கும், ஆனால் எனக்கு அவள் சொன்ன மாதிரி எவனும் எழுதவில்லை. காதுக்கு உள்புறமாக, மூளையின் அடிப் பக்கத்தில், இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பகுதி இருக்கிறதாம், ஹிப்போகாம்பஸ் என்கிறார்கள். இன்றைக்கு நடந்ததை எடுத்துப் பத்திரப்படுத்துகிற வேலை அதனுடையது. இந்த நோய் பெரும்பாலும் முதலில் கை வைப்பது அங்கேதான். அதனால் அம்மா நேற்றைய சாப்பாட்டை மறக்கவில்லை, அது உள்ளே போய்ச் சேரவே இல்லை. சேராத ஒன்றை எடுத்துக் கொடு என்று நான் இரண்டு வருஷம் அதட்டிக்கொண்டிருந்தேன். மூளை செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் கட்டி கட்டியாகப் படிகிறது, செல்லுக்கு உள்ளே டாவ் என்று இன்னொரு புரதம் முறுக்கிச் சிக்குப் போடுகிறது, ஒரு செல் இன்னொன்றோடு பேசுவது அறுந்து, கடைசியில் செல்லே செத்து, மூளை சுருங்குகிறது. ஸ்கேனில் காட்டினாள், அதே வயதுள்ள வேறு ஒருவரின் படத்தையும் பக்கத்தில் வைத்து. எனக்குப் படம் பார்க்கத் தெரியாது, ஆனால் எது காலியாகிக்கொண்டிருக்கிற வீடு என்று தெரிந்தது. இதெல்லாம் வெளியே தெரிவதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னாலேயே ஆரம்பித்திருக்குமாம். கணக்குப் பார்த்தால் அவள் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தபோதே. அங்கிருந்து மெல்ல மெல்ல மற்ற இடங்களுக்குப் பரவும், வார்த்தை தேடுகிற இடம், வழி தெரிகிற இடம், முடிவெடுக்கிற இடம். பழைய நினைவுகள் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் அவளுக்கு ஆபீஸ் இருக்கிறது, செருப்புக் கடை இல்லை, நீ பள்ளிக்கூடத்தில் இருக்கிறாய், உனக்குக் குழந்தை இல்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச காலத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், குணமாக்காது என்று டாக்டர் மழுப்பாமல் சொன்னாள். அது எனக்குப் பிடித்திருந்தது. வால்நட் ஆசாமிகளைவிட அவள் எவ்வளவோ மேல்.

அப்படியானால் அவள் பொய் சொன்னதெல்லாம் என்று கேட்டேன். பொய் சொல்லணும்னா உண்மை என்னன்னு தெரிஞ்சிருக்கணும் சார், நினைவுல ஓட்டை விழுந்தா மூளை தானா எதையாவது வச்சு அடைச்சுக்கும், அவங்களுக்கு அதுதான் உண்மை என்றாள். எழுதிக்கொண்டே, வீட்ல ஏதாவது பொருள் காணாமப் போச்சா, யாராவது எடுத்துட்டதா சொன்னாங்களா, பத்திரமா ஒரு இடத்துல ஒளிச்சு வைப்பாங்க, வச்சது மறந்துடும், அப்புறம் திருட்டுப்போச்சுன்னு நம்புவாங்க, ரொம்பச் சகஜம் என்று சாதாரணமாகக் கேட்டாள். பக்கத்தில் அம்மா அந்தக் கடிகாரத் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் மோதிரத்தைத் தேடினேன். மாவு டப்பா, தலையணை உறை, பூந்தொட்டி மண், ஒன்று விடவில்லை. நாலாம் நாள் பரண் மேல் இருந்த என் பழைய கறுப்பு ஷூ, வேலைக்குப் போட்டுப் போவேனே, அதன் இடது கால் முனையில் காகிதத்தில் சுற்றி இருந்தது. ஊரெல்லாம் திருடனைத் தேடிய பரிசோதகரின் ஷூவுக்குள். நீ சிரித்தால் தப்பில்லை, நான் அந்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலி மேலேயே உட்கார்ந்திருந்தேன், இறங்கத் தோன்றவில்லை. அம்மாவிடம் காட்டினேன். அழகா இருக்கே, யாரோடது என்றாள்.

மறுநாள் விசிலம்மாவைத் தேடிப் போனேன். ஒரு ஹாஸ்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆவியும் வெக்கையும், உட்கார ஒரு இடம் இல்லை. என்னைப் பார்த்தாள், கையிலிருந்த விரிப்பை முடித்தாள், அடுத்ததை எடுத்தாள், அதையும் முடித்தாள். ஏழு விரிப்பு முடிகிற வரை நின்றேன். மோதிரம் கிடைத்துவிட்டது, தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்று சொன்னேன். எங்க கிடச்சுது என்றாள். சொன்னேன். முகத்தப் பாத்தே கண்டுபுடிப்பேம்பீங்களே சார், உங்க ஷூவுக்கு முகம் இல்லாமப் போச்சு என்றாள். அந்த அறையில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அன்றைக்கு ஏன் முகம் மாறியது, எதை மறைத்தாய் என்று கேட்டேன், அப்போதும் என் புத்தி போகவில்லை பார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அம்மாவுக்கு மறதி வந்தது எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும் சார், அவங்களுக்கும் தெரியும், உப்பு கரிச்சா நான் கொட்டிட்டு மறுபடி வைப்பேன், வழி தெரியாம நின்னா கூட்டிட்டு வருவேன், உங்க மகள் வந்தப்ப பதினஞ்சு நாளும் பின்னாலயே நின்னு சமாளிச்சேன், என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவாங்க, சார்கிட்ட மட்டும் சொல்லாத, பரிட்சை வைப்பாருன்னு சொல்வாங்க என்றாள்.

இதை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதினால்தான் புத்தி வரும், எனக்கு. மூளையில் எந்தப் பகுதி என்ன ஆகிறது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். என் மனைவி தன் நோயைவிட என்னைப் பார்த்து அதிகம் பயந்தாள் என்பதை ஒரு சலவை அறையில் நின்று தெரிந்துகொண்டேன்.

திரும்ப வேலைக்கு வா என்றதும் விசிலம்மா உடனே வந்துவிடவில்லை. வருவேன், மதியம் ஒரு மணி வரைக்கும்தான், ஆனா எந்தப் படியில என் பையக் கொட்டினீங்களோ அதே படியில நின்னு, யார் யார் பாத்தாங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு வீடுகளின் மணியையும் அடித்து வெளியே வரச் சொன்னேன். மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது என் வீட்டிலேயே இருந்தது, இந்த அம்மா எடுக்கவில்லை, நான் அவமானப்படுத்தினேன் என்று சொன்னேன். கீழ்வீட்டு வக்கீல், எதுக்கு சார் இதெல்லாம், வேலைக்காரங்க விஷயத்துல இது சகஜந்தானே, விடுங்க என்றார். அன்றைக்கு அவள் பை கொட்டியபோது டீ டம்ளரோடு நின்று கடைசி வரை வேடிக்கை பார்த்தவர் அவர்தான், அன்றைக்கு விடுங்க என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சகஜம் என்று சொல்லுகிறவர்களை இப்போதெல்லாம் எனக்குப் பார்க்கவே பிடிப்பதில்லை. கண்ணாடியில் தெரிகிறவனையும் சேர்த்து.

விசிலம்மா உள்ளே வந்ததும் அம்மா, ஏன்டி இவ்ளோ லேட்டு என்றாள். பஸ் கிடைக்கலம்மா என்று சொல்லிவிட்டு அவள் துடைப்பத்தை எடுத்தாள், அவ்வளவுதான். அம்மாவுக்கு அவள் போனதும் தெரியாது, திருடி என்று சொன்னதும் தெரியாது. ஆனால் அவள் வந்த பிறகு அம்மா நன்றாகத் தூங்குகிறாள், சட்டை மாற்றச் சண்டை இல்லை. யார் என்ன என்பது அழிந்தாலும் யாரிடம் பயமில்லை என்பது அவ்வளவு சீக்கிரம் அழியாது என்று டாக்டர் சொன்னாள். என் பக்கம் திரும்பும்போது இன்னும் ஒரு நொடி அம்மாவின் கண் தயங்குகிறது, கேள்வி வருமோ என்று. அந்த ஒரு நொடியைப் போக்கடிப்பதுதான் எனக்கு இனி மிச்சமிருக்கிற உத்தியோகம். அம்மா மேல் கோபம் இல்லையா என்று விசிலம்மாவைக் கேட்டேன். அவங்க மேல கோபப்பட்டு என்ன ஆகப்போவுது, கோபமெல்லாம் உங்க மேலதான் என்றாள். டீ நன்றாகத்தான் போட்டுக் கொடுக்கிறாள், ஆனால் டம்ளரை என் கையில் கொடுப்பதில்லை, மேஜை மேல் வைத்துவிட்டுப் போகிறாள்.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம். போனில் குட்டியை விட்டு, பாட்டி நான் யாரு சொல்லுங்க, கண்டுபிடிங்க என்று விளையாட வைக்காதே. பாட்டி நான்தான், இன்ன பெயர், உங்க பேத்தி என்று அவளே சொல்லட்டும். ஸ்கூல் விட்டாச்சா என்று அம்மா உன்னைக் கேட்டால் விட்டாச்சும்மா என்று சொல்லு, திருத்தாதே, உனக்கு அதில் என்ன குறைந்துவிடும். உனக்கும் வருமோ என்று நினைத்து அரண்டு போகாதே, இது பெரும்பாலும் அப்படி நேராக இறங்கி வருவதில்லை என்று டாக்டரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், பிரஷரைப் பார்த்துக்கொள், தினமும் நட, காது கேட்கக் கஷ்டமாக இருந்தால் வெட்கப்படாமல் காட்டு, காது மந்தமும் இதற்கு வழிவிடுமாம். அடுத்த வருஷம் லீவு சேர்த்துக்கொண்டு ஒரு மாதமாக வருகிறேன் என்றாயே, அதெல்லாம் உன் லீவுக் கணக்கு, நோய்க்குத் தெரியாது. பத்து நாள் ஆனாலும் இப்போது வா. இப்போது வந்தால் உன்னை உட்கார வைத்துத் தலை வாரிவிடுவாள். அடுத்த வருஷம் எப்படியோ.

வருவதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். விசிலம்மா காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை இங்கே இருப்பாள். அந்த நேரம் பார்த்துக் கூப்பிடு. என்னிடமும் அம்மாவிடமும் பேச வேண்டாம், போனை அவளிடம் கொடுக்கச் சொல். அன்றைக்கு நீ சொன்னதை அவள் படியில் குனிந்துகொண்டே கேட்டாள். பாப்பாவுமா என்று கேட்டாளே, அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தெரியாமல் சொல்லிவிட்டேன், அப்பா சொன்னதை நம்பிவிட்டேன் என்றெல்லாம் இழுக்காதே, நான் இழுத்துப் பார்த்தேன், அவள் அடுத்த விரிப்பை எடுத்துவிட்டாள். தப்பு என்று மட்டும் சொல். உடனே மன்னிக்க மாட்டாள். கேட்டுக்கொண்டு இரு. அம்மாவுக்கு நடந்தது எதுவும் நினைவில் இல்லை, அவளிடம் போய் யாரும் எதுவும் கேட்க முடியாது. பதில் சொல்ல நினைவு இருக்கிறவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் குறையின்றி, ஒருவர் சொல்வதை ஒருவர் நம்பிக்கொண்டு பல்லாண்டு வாழ வேண்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் உண்டு. உனக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன், அவளைச் சாப்பிடச் சொல்லுங்க என்றாள். மறக்காமல் கூப்பிடு. எட்டு மணிக்கு மேல்.

இப்படிக்கு,
உன் அப்பா